பஸ்ஸின் பெயர்: ஏற மறுத்தவர்களைப் பற்றி

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் என்று பெயர் வைத்தார்கள். கட்டபொம்மனின் தளபதியாக நினைவுகூரப்படுபவர்; பள்ளர் சமூகத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று தென்மாவட்டத் தேவர்கள் மறுத்தார்கள். கலவரம் பரவியது, உயிர்கள் போயின. அதே ஆண்டின் நடுவில் அரசு ஒரு முடிவெடுத்தது. இனி எந்தப் போக்குவரத்துக் கழகத்துக்கும், எந்த மாவட்டத்துக்கும் தலைவர்கள் பெயர் கிடையாது. பாண்டியன், சேரன், சோழன், கட்டபொம்மன், நேசமணி, ராணி மங்கம்மாள், அம்பேத்கர் என எல்லாப் பெயர்களும் ஒரே வீச்சில் அழிந்தன. பலகையில் ஊர்ப் பெயர் மட்டும் மிஞ்சியது.

அந்த நாட்களில் ஏறாமல் நின்றவர்களில் நானும் ஒருவன். மறவர் வீட்டில் பிறந்தவன். சாதியைச் சொல்லாமல் இதை எழுதினால், அரசு பலகையில் செய்ததை நான் தாளில் செய்தவனாவேன், அதனால் சொல்லிவிடுகிறேன். ஒரு துக்க வீட்டுக்குப் போகப் பெரியப்பாவுடன் ரோட்டோரம் நின்றிருந்தேன். புதுப் பெயரெழுதிய வண்டி வந்தது. கை காட்டப் போன என்னைப் பெரியப்பா தடுத்தார். "இதுல போயி இறங்குனா அங்க எவன் நம்மள மதிப்பான்? அடுத்த வண்டி வரட்டும்டா." கண்டக்டர் படியில் நின்றபடி எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. விசில் கொடுத்தார். அடுத்த வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நாங்கள் போய்ச் சேருமுன் பிணத்தை எடுத்துவிட்டார்கள்.

அன்று நான் சாதிக்கு எதிரானவன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். சிறுபத்திரிகை படிக்கிறவன், கூட்டங்களுக்குப் போகிறவன். பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பெயர்களெல்லாம் நீக்கப்பட்ட செய்தி வந்தபோது, 'இதுதான் சரி, எல்லாருக்கும் பொது' என்று நண்பர்களிடம் சொன்னேன். எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இங்கே விசாரிக்க விரும்புகிறேன்.

நவீனமயமாதல் பற்றி நம்மிடம் ஒரு கதையாடல் உண்டு. திராவிட இயக்கத்தாரும் இடதுசாரிகளும் வேறு வேறு சொற்களில் சொன்னது. ரயில் வரும், பஸ் வரும், பள்ளிக்கூடம் வரும், சாதி தேயும். இதில் உண்மை இல்லாமலில்லை. டீக்கடையில் தனிக் கிளாஸ் வைக்கலாம். பஸ்ஸில் டிக்கெட் வாங்கியவனுக்குத் தனி சீட்டு வைப்பது கஷ்டம். ஆனால் பஸ் தானாக இந்த வேலையைச் செய்துவிடவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. எந்திரம் சமத்துவத்தைக் கொண்டுவரவில்லை. எந்திரத்தின் கழுத்தில் கத்தி வைத்துத்தான் அதை வாங்க வேண்டியிருந்தது.

சரி, பக்கத்து சீட்டைச் சகித்துக்கொண்டவர்கள் ஒரு பெயரை ஏன் சகித்துக்கொள்ளவில்லை? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யாரென்று தெரியாததுபோல் பாவனை செய்யலாம். நகரப் பேருந்தின் நாகரிகமே அந்தப் பாவனைதான். பெயர் அதைக் கலைத்துவிட்டது. இன்னொன்றும் உண்டு. மருது பாண்டியர் பெயரெழுதிய பஸ்ஸில் நாங்கள் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். அது ஒரு சாதிக்குரிய பெயராக எங்களுக்குத் தோன்றியதே இல்லை. நம் பெயர் என்றால் வரலாறு, பொது. அவர்கள் பெயர் என்றால் சாதி. ஆதிக்கம் தன்னைப் பொது என்று அழைத்துக்கொள்ளும் இடம் இதுதான். அம்பேத்கர் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்றாரே, அதில் நடுப்படியில் நிற்பவன் மேலே பார்த்துப் படும் அவமானத்தைவிட, கீழிருந்து ஒருவன் தன் படிக்கு ஏறிவரும்போது படும் பதற்றம் பெரிது.

இந்தப் பதற்றத்தைப் பழமையின் எச்சம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து எதையெல்லாம் அழித்தது என்று பாருங்கள். டி.வி. பெட்டிகள், வெளிநாடு போனவர்களின் பாஸ்போர்ட்டுகள், பிள்ளைகளின் கல்விச் சான்றிதழ்கள். கிணற்றில் விஷம் கலக்கப்பட்டது. அடி விழுந்தது அந்த ஊரின் வறுமையின்மேல் அல்ல. வளைகுடாப் பணமும் படிப்பும் கொண்டுவந்த நிமிர்வின்மேல். நவீனமயமாதல் எங்கே நிஜமாகவே நடந்ததோ, அங்கேதான் கத்தி இறங்கியது.

2021 ஏப்ரலில் வந்த மாரி செல்வராஜின் 'கர்ணன்' படத்தை இந்தப் பின்னணியில் வைத்து வாசிக்க வேண்டும். பஸ் நிற்காத ஒரு ஊர். நடுரோட்டில் வலிப்பு வந்து துடிக்கும் சிறுமியைக் கடந்து வண்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. கர்ப்பிணித் தாய்க்கு நிற்காத பஸ்மேல் ஒரு சிறுவன் கல்லெறிகிறான். படத்தின் விமர்சகர்கள் பஸ்ஸைப் பற்றி நிறையப் பேசினார்கள். பெயர்களைப் பற்றிப் பேசியது குறைவு. துரியோதனன் போன்ற ஊர்க்காரர்களின் பெயர்களைக் கேட்டதுமே போலீஸ் அதிகாரிக்குக் கோபம் வருகிறது. இவனுக்கு இந்தப் பெயரா என்ற கோபம். பஸ் நிற்காததும் பெயர் பொறுக்காததும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்பதைப் படம் சரியாகவே பிடித்திருக்கிறது. ஆனால் படத்தின் கண் வெளியே, கைகாட்டி நிற்பவர்களோடு நிற்கிறது. பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து, நிற்காமல் போவதைப் பார்த்துக்கொண்டே வந்தவர்களின் முகம் அதில் பெரிதாக இல்லை. அதை நான் படத்தின் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்த முகத்தை எழுத வேண்டியவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்த நாங்கள்தான். இத்தனை வருஷத்தில் நாங்கள் அதை எழுதவில்லை.

இனி அரசின் முடிவுக்கு வருகிறேன். எல்லாப் பெயரையும் எடுத்தது நடுநிலைதானே என்று கேட்கலாம். பெயர் சூட்டலே வாக்குக்காகச் சாதிக்கொரு காசாக விநியோகிக்கப்பட்டதுதானே என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்வி நியாயமானது, மறுக்கவில்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். மற்ற பெயர்கள் வருஷக்கணக்காக ஓடியபோது யாருக்கும் பொதுத்தன்மை நினைவுக்கு வரவில்லை. ஒரு தலித் வீரனின் பெயர் வரிசையில் சேர்ந்தபோதுதான் பெயர்களே தீங்கு என்று ஆயிற்று. அழிப்பில் எல்லாரும் சமம். அழிப்புக்கான காரணத்தில் சமமில்லை. பஸ்ஸை உடைக்க முடிந்தவன்தான் எது பொது என்று தீர்மானிப்பான் என்ற பாடம் அங்கே கற்பிக்கப்பட்டது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோதுதான் வெட்டிக் கொல்லப்பட்டார். அங்கே பலகை பிரச்சினையல்ல. ஒரு தலித்தின் பெயருக்கு முன்னால் தலைவர் என்ற சொல் ஒட்டிக்கொண்டதுதான் பிரச்சினை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களாலேயே வெட்டப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும் மாணவர்களின் வண்ணக் கயிறுகளைத் தடுக்கவும் பரிந்துரைத்தது. நான் இதை ஆதரிக்கிறேன். பள்ளிப் பெயரில் உள்ள சாதி ஆதிக்கத்தின் முத்திரை. சுந்தரலிங்கம் பெயர் அப்படிப்பட்டதல்ல. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு 'அடையாளங்களை அழித்தால் போதும்' என்று சுருக்கினால் மறுபடியும் 1997க்குத்தான் போவோம். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவனைப் பஸ்ஸிலிருந்து இழுத்துப்போட்டு விரல்களை வெட்டினார்கள். கழகங்களின் பெயர்கள் போய் அதற்குள் இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது.

பெரியப்பா இப்போது இல்லை. நல்ல மனுஷன் என்றுதான் ஊரில் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான். "நான் இதுலயே போறேன், நீங்க அடுத்ததுல வாங்க" என்று அன்று சொல்லியிருக்கலாம். அவர் அடித்திருக்க மாட்டார். ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். அந்த அளவுக்குக்கூட விலை கொடுக்க நான் தயாராயில்லை. பெயர்களை நீக்கியபோது எனக்கு வந்த நிம்மதி சமத்துவத்தைக் கண்ட நிம்மதியில்லை. இனி அந்தப் பலகை முன் வந்து நிற்காது, ஏறுவதா வேண்டாமா என்று என்னைக் கேட்காது என்ற நிம்மதி. சுந்தரலிங்கம் என்று எழுதிய பஸ்ஸில் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. இனி ஏறவும் முடியாது.