ஆட்டோ பிரெமிஞ்சரின் திரைக்கலை: தடை நீங்கியபின் நிற்பது யாது?

ஆஸ்திரிய-அங்கேரிப் பேரரசில் 1905-ஆம் ஆண்டு பிறந்து, வியன்னாவில் சட்டம் பயின்று, அமெரிக்கத் திரையுலகிற் புகழ்பெற்ற இயக்குநர் ஆட்டோ பிரெமிஞ்சர். தடைகளைத் தகர்த்தவர் என்றே அவரைப் பலரும் போற்றுவர். அப்புகழ் பொருந்துவதே, ஆயினும் முழுமையுடையதன்று என்பது எம் கருத்து.

அந்நாளில் ஹாலிவுட் படங்கள், அத்தொழிலினர் தாமே வகுத்துக்கொண்ட ஒழுக்க விதித்தொகுப்பிற்குக் கட்டுப்பட்டிருந்தன. அதன் ஒப்புதல் முத்திரை கிட்டாதிருந்தும் 1953-இல் 'தி மூன் இஸ் புளூ' வெளிவந்தது. கன்சாஸ் மாநிலம் அதனைத் தடுத்தது. 1955-இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை விலக்கியது. போதைமருந்துக்கு அடிமையான ஒருவனைப் பற்றிய 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' படமும் 1955-இல் முத்திரையின்றியே வந்தது. மறு ஆண்டில் விதிகள் தளர்ந்தன. 1960-இல், கரும்பட்டியலில் இருந்த டால்டன் டிரம்போவே 'எக்சோடஸ்' படத்தின் திரைக்கதை ஆசிரியர் எனப் பிரெமிஞ்சர் வெளிப்படையாக அறிவித்தார்.

இவை வரலாற்றிற் சிறந்த செயல்கள். எனினும் வரலாற்றுச் சிறப்பு வேறு, கலைச்சிறப்பு வேறு. 'தி மூன் இஸ் புளூ' படத்தில் அன்று பூசலெழுப்பியவற்றுள் 'கன்னி' என்பது போன்ற சில சொற்களே முதன்மையானவை. இன்று அச்சொற்கள் எவரையும் திடுக்கிடச் செய்யா. அவை வலியிழக்கவே படமும் வலியிழந்தது.

'அனாடமி ஆஃப் எ மர்டர்' (1959) படமும் சொற்களின் பொருட்டுச் சிகாகோ நகரில் தடையுண்டது. அத்தடையை அறியாதார் நெஞ்சையும் அஃது இன்றும் ஈர்க்கின்றது. காரணம் யாது? தன் மனைவியை வன்புணர்ந்தான் எனச் சொல்லப்படும் ஒருவனைச் சுட்டுக்கொன்ற படை அதிகாரியின் வழக்கு அது. அவன் அறிவு மயங்கியே சுட்டானா? அன்றி வழக்கறிஞர் குறிப்பாற் காட்டிய வழியைப் பற்றிக்கொண்டானா? கொலை நிகழ்ந்தவாற்றைப் படம் ஓரிடத்தும் காட்டவில்லை. வழக்காடுவோரை ஒரே காட்சியில் நிறுத்தி, நெடிது வெட்டாமற் காட்டுதலின், எவரை நோக்குவது, எவரை நம்புவது என்பன காண்போர் பொறுப்பாகின்றன. நடுவர் குழு தீர்ப்பு வழங்குகின்றது, படம் வழங்கவில்லை.

இச்சமநோக்கு, தடைப்பூசல்களுக்கு முன்னரே வந்த 'லாரா' (1944) படத்திலும் உண்டு. விதித்தொகுப்பு ஒழிந்த 1968-இல் வந்த 'ஸ்கிடூ' படத்திலோ துணிவு உண்டு; சமநோக்கு இல்லை; படமும் நிற்கவில்லை. எனவே, பிரெமிஞ்சர் கடந்த வரம்புகளுட் பெரியது, முடிவினைக் காண்போர்க்கு ஊட்டிவிடும் பழவழக்கே எனத் துணிகின்றோம்.