தீர்ப்பெழுதிய கை

"எழுத நேரமில்லை, அலுவலகமே ஆளை விழுங்கிவிடுகிறது" என்னும் முறையீட்டை எழுத்தார்வமுள்ள நண்பர்களிடம் நாம் அடிக்கடி கேட்கிறோம். ஓய்வு பெற்ற பின்னரே பெரிய படைப்பொன்றைத் தொடங்குவது என்று காத்திருப்போரும் உளர். வயிற்றுக்கான பணி கலைக்குப் பகை என்பதே இவர்தம் கருத்து. இக்கருத்தை மனத்திற்கொண்டு 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை அண்மையில் மீண்டும் படித்தோம். 1879இல் வெளிவந்த இந்தத் தமிழின் முதல் நாவல், நம் நண்பர்களுக்குச் சொல்லும் விடை சற்று வேறானது.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) வாழ்வின் பெரும்பகுதியை நீதிமன்றத்தில் கழித்தவர். ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, திருச்சிராப்பள்ளி மாவட்ட நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, 1857இல் முன்சீப் ஆனார். மாயூரத்தில் மட்டும் பதின்மூன்று ஆண்டுகள் அப்பொறுப்பை வகித்தார். 'நீதிநூல்' வெளிவந்த 1859ஆம் ஆண்டில் அவர் நாள்தோறும் வழக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர். 1805 முதல் 1861 வரையிலான உயர்மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் வெளியிட்டதும் இப்பணிக்காலத்திலேதான். செய்யுளே இலக்கியமென மதிக்கப்பட்ட நாளில், வழக்காடும் எளியவனுக்கும் ஐயமின்றி விளங்க வேண்டிய உரைநடையை அவர் பழகிக்கொண்டது அத்தீர்ப்புகளில்தான் என்று நாம் கருதுகிறோம். நாவலின் தெளிந்த ஓட்டத்திற்கு வேறு பயிற்சிக்களத்தைத் தேட வேண்டியதில்லை.

விக்கிரமபுரியில் நிகழும் ஒரு வழக்கை நோக்குவோம். செருப்பைச் செப்பனிடக் கொடுக்கும் பிரதாப முதலி, கூலியை வரையறுக்காமல், உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று வாக்களித்துவிடுகிறான். எவ்வளவு கொடுத்தாலும் தனக்குச் சந்தோஷம் வரவில்லை என்கிறான் தொழிலாளி. வழக்கு மன்றம் ஏறுகிறது, பிரதாபன் சிறைப்படுகிறான். வாசகர் வாய்விட்டுச் சிரிக்கும் இடம் இது. ஆயினும், சொல்லின் பொருள் நழுவினால் மனிதன் எங்கே போய் விழுவான் என்பதை நாள்தோறும் மன்றத்தில் கண்டவரன்றி வேறெவர் இதை எழுதியிருக்கக் கூடும்? தமிழ் மட்டுமே அறிந்த வழக்காடிகளின் முன்னே ஆங்கிலத்தில் வாதாடும் வழக்கறிஞரை நாவல் எள்ளி நகையாடுவதும் இத்தகையதே. தன் உடைமை பறிபோவதையோ மீள்வதையோ புரிந்துகொள்ள இயலாமல் கைகட்டி நிற்கும் ஏழையின் முகத்தை, உயர்ந்த இருக்கையிலிருந்து கண்ட ஒருவரின் சினம் அங்கே ஒலிக்கிறது.

எனினும், பணி தந்த கொடையை மட்டும் எண்ணி அது விட்டுச்சென்ற தழும்பை மறைத்தல் நேர்மையாகாது. தம் முந்தைய நூல்களின் அறக்கருத்துகளுக்கு விளக்கமாகவே இந்நாவலை எழுதியதாக ஆசிரியரே முன்னுரையில் குறிப்பிடுகிறார். ஆகவே, பாத்திரங்கள் நம்மோடு பேசும்போதும் நீதிபதியின் குரல் இடைபுகுகிறது. ஞானாம்பாள் அறிவிற் சிறந்தவள், துணிவு மிக்கவள், ஆடவன் உடை தரித்து அரசாளவும் வல்லவள். ஆனால் அவள் தடுமாறி நிற்கும் ஒரு கணத்தையேனும் ஆசிரியர் நமக்குக் காட்டவில்லை. நல்லோர் நல்லோராகவும் தீயோர் தீயோராகவும் முன்கூட்டியே தீர்ப்பிடப்பட்டுவிடுகின்றனர். மன்றத்தில் தீர்ப்பின்றி வழக்கு முடிவதில்லை. கதையிலோ, தீர்ப்பை வாசகரிடம் விட்டுவைக்கும் பொறுமை வேண்டும். அப்பொறுமை இவரிடம் குறைவே.

இக்குறை அலுவல் அவரது நேரத்தைத் தின்றதால் வந்ததன்று. அலுவலின் பார்வையைக் கழற்றி வைக்காமலே எழுத அமர்ந்ததால் வந்தது என்பது நம் துணிபு. நிறையும் குறையும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்திருக்கின்றன.

ஆசிரியராகவும் செவிலியராகவும் வங்கி எழுத்தராகவும் பணிபுரிந்துகொண்டே எழுத விழையும் நம் வாசகர்க்கு இதில் ஒரு பாடமுண்டு. காத்திருக்கும் ஓய்வுநாள் வரலாம், வராமலும் போகலாம். இன்று நம் மேசைக்கு முன்னே வந்து நிற்கும் மனிதரோ நாளை அங்கே இரார். அவரது சொல்லையும் முகத்தையும் இன்றே வீட்டுக்குக் கொண்டுசெல்வோம். அவரைப் பற்றி நாம் எழுதி முடித்த தீர்ப்பை மட்டும் அலுவலகத்திலேயே விட்டுச்செல்வோம். கோப்புகளுக்கு நடுவிலும் இலக்கியம் முளைக்கும் என்பதற்கு மாயூரத்து முன்சீப் நமக்குச் சான்று.