கால் பங்கும் முக்கால் பங்கும்

தமிழை முறையாகப் பயின்றோர் நன்னூலின் பொதுப்பாயிரத்தை அறியாதிருக்க முடியாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கனின் ஆதரவில் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூல், எழுத்தையும் சொல்லையும் விளக்கப் புகுமுன், ஆசிரியர் யார், மாணாக்கர் யார், கற்பித்தலும் கற்றலும் எவ்வாறு நிகழவேண்டும் என்று விரிவாகப் பேசுகின்றது. ஆறுமுக நாவலரின் காண்டிகையுரை வழியாக ஈழத்திலும் பலர் அதனைப் பயின்றனர். நானும் பல்கலைக்கழகத்தில் அச்சூத்திரங்களை மனனம் செய்தேன், பரீட்சையில் எழுதினேன், புள்ளிகளும் பெற்றேன். ஆனால், அச்சூத்திரங்கள் கூறியவாறுதான் நாங்கள் கற்கின்றோமா என்ற வினா அவ்வகுப்பறையில் ஒரு நாளும் எழவில்லை.

அச்சூத்திரங்களின் கருத்து என்ன? ஆசிரியர் சொல்வதை எத்துணைக் கவனமாகக் கேட்டாலும் மாணவன் பெறுவது அறிவின் கால் பங்கே. உடன் கற்போருடன் பழகிப் பயில்வதால் மற்றொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கோ, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் கைகூடும். கேட்டதை மீள நினைத்தல், வினாவுதல், வினாவியதற்கு விடை கூறுதல் ஆகியன மாணவனின் கடமைகள். விரையாமையும் வெகுளாமையும், மாணவன் எவ்வாறு கொள்கின்றான் என்பதை அறிந்து கொடுத்தலும் ஆசிரியனின் இலக்கணம்.

இஃது ஏதோ பழம்பெருமை பேசுவோர் மெச்சிக்கொள்வதற்கான செய்தியன்று. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளரான ரோடிகரும் கார்ப்பிக்கும் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். மாணவர்கள் ஓர் உரைநடைப் பகுதியை இருமுறை வாசித்தனர். மற்றொன்றை ஒருமுறை வாசித்து, பின்னர் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை வாசித்ததே மேலாக நினைவில் நின்றது. ஒரு வாரம் கழித்தோ நிலை தலைகீழாயிற்று: இருமுறை வாசித்ததில் 42 சதவீதமும் நினைவிலிருந்து எழுதியதில் 56 சதவீதமும் எஞ்சியிருந்தன. உடனடியாக எளிதாகத் தோன்றுவது நிலைப்பதில்லை. முயன்று மீட்டெடுத்ததே நிலைக்கின்றது. கேட்டதை நினை என்று நன்னூல் சொன்னதன் உட்பொருள் இதுவேயன்றோ!

இனி நம் வகுப்பறைகளைப் பார்ப்போம். ஆசிரியர் சொல்கின்றார், மாணவர் கொப்பியில் எழுதுகின்றனர். பாடத்திட்டம் முடிகின்றது, பிள்ளை தொடங்கவே இல்லை. “சேர், இது பரீட்சைக்கு வருமா?” என்பதே பிள்ளைகள் கேட்கும் ஒரே வினா. அம்பிட்டியவை அடுத்த ஒரு பாடசாலையில் கற்பிக்கும் நானும் பல ஆண்டுகள் இவ்வாறே நடந்துகொண்டேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. வேற்றுமைத் தொகையை அழகிய குறிப்பாக எழுதுவித்தேன். ஒரு வாரம் சென்றபின் கொப்பிகளை மூடச் சொல்லிக் கேட்டேன். நாற்பது பேர் இருந்த வகுப்பு மௌனமாயிருந்தது. சினம் வந்தது. ஆனால் அச்சினம் யார்மீது வரவேண்டியது?

மறுநாள் குறிப்பை விடுத்து, இருவர் இருவராக அமர்ந்து ஒருவருக்கொருவர் விளக்குமாறு சொன்னேன். ஹந்தானை மலைப்பக்கத்து லயத்திலிருந்து வரும் ஒரு மாணவி பக்கத்திலிருந்தவளுக்குச் சொன்னது என் காதில் விழுந்தது: “அம்மா கொழுந்து பறிச்சாங்கன்னா, கொழுந்தைத்தானே பறிச்சாங்க? அந்த ‘ஐ’ உள்ள ஒளிஞ்சிருக்கு. அதுதான் தொகை.” என் குறிப்பில் இல்லாத உதாரணம் அது; அவளுடைய வாழ்விலிருந்து வந்தது. பிறருக்கு எடுத்துரைக்கும் அரைப் பங்கு யாதென்று, நன்னூலை மனனம் செய்த பல ஆண்டுகளுக்குப் பின்னர் அன்றுதான் கண்டேன்.

எனினும் நன்னூலை முழுவதாகத் தலைமேற் கொள்வது திறனாய்வாகாது. அதே பொதுப்பாயிரம் மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று மூவகைப்படுத்துகின்றது. அன்னத்தையும் பசுவையும் ஒப்போர் தலையாயோர். மண்ணையும் கிளியையும் ஒப்போர் இடைப்பட்டோர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றோர் கடையாயோர். நூல் கற்பிக்கத் தகாதவர் என்றும் ஒரு பட்டியல் தருகின்றது. பிணியன், துயில்வோன், மந்தன் ஆகியோர் அதில் இடம்பெறுகின்றனர். கல்வி சிலரின் உடைமையாக இருந்த நிலப்பிரபுத்துவ காலத்தின் குரல் இது. நூலைக் கொடுப்பவன் தெரிந்து கொடுக்கலாம், மறுக்கலாம் என்ற நிலையிலிருந்தே இப்பட்டியல் பிறக்கின்றது.

இன்று நம் வகுப்பில் துயில்பவன் யார்? விடியுமுன் எழுந்து, தாய் மலைக்குச் சென்றபின் தம்பி தங்கையரைக் கவனித்து, வெறும் தேநீருடன் நடந்து வந்த பிள்ளை. பிணியன் யார்? ஈரமான லயத்து அறையில் இருமலுடன் வளர்பவன். மந்தன் யார்? வீட்டில் ஒரு புத்தகத்தையும் காணாதவன். இவர்களை விலக்கிவிட்டால் பள்ளிக்கூடம் எவருக்காக? ஓட்டைக்குடம் என்று சொல்லுமுன், ஊற்றியவரின் வேகத்தையும் கேட்கவேண்டாமா? விரையாதே என்று ஆசிரியனுக்குச் சொன்னதும் இதே நன்னூல்தான்.

கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தேசத்தின் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. ஆனால் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் அக்கதவுக்கு வெளியே நெடுங்காலம் நின்றனர். 1970களிலேதான் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் பொறுப்புக்கு வந்தன. இத்துணைக் காலம் காத்திருந்து உள்ளே வந்த பிள்ளைக்கு நாம் கொடுப்பது கால் பங்கு மட்டுமே எனில், அது கல்வி கொடுத்ததாகுமா? வசதியுள்ள பிள்ளை எஞ்சியதை டியூஷன் வகுப்பில் தேடுகின்றது. அங்கும் நூற்றுக்கணக்கானோரிடையே அதே கால் பங்கு பணத்துக்கு மீண்டும் விற்கப்படுகின்றது. வசதியற்ற பிள்ளைக்கோ பாடசாலை நேரத்தைத் தவிர வேறு கதியில்லை. ஆகவே கற்பிக்கும் முறை என்பது வெறும் முறைப்பிரச்சினையன்று. அது வர்க்கப் பிரச்சினையுமாகும்.

பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கற்பித்தால் ஆசிரியருக்கு வேலை குறையுமே என மகிழ்வோரும் உளர். அவர்களுக்கு வரலாறு ஓர் எச்சரிக்கை தருகின்றது. 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதிப் பாடசாலையின் பொறுப்பை ஏற்ற அண்ட்ரூ பெல், நம்மவரின் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். அம்முறையையும், மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் கையாண்டு, 1797இல் அதுபற்றி நூலெழுதினார். இங்கிலாந்தில் அது ‘சென்னை முறை’ எனப் பரவியது. ஆனால் அங்கே அது ஏழைப் பிள்ளைகள் பலரை ஓர் ஆசிரியரைக்கொண்டு மலிவாக எழுத்தறிவிக்கும் இயந்திரமாக மாறியது. எடுத்துரைத்தலின் பயன் உரைப்பவனின் சிந்தனையில் உள்ளது. நிர்வாகத்தின் சிக்கனத்தில் இல்லை. பிள்ளைகள் உரையாடும்போது ஆசிரியருக்கு வேலை கூடுகின்றது: பிழைகளைச் செவிமடுக்கவேண்டும், ஏளனமின்றித் திருத்தவேண்டும், சென்ற வாரப் பாடத்தை இவ்வாரம் மீண்டும் வினவவேண்டும்.

இதற்குப் பெரிய மண்டபம் தேவையில்லை. ஒவ்வொரு பாடத்திலும் பத்து நிமிடம் கொப்பி மூடப்பட்டிருக்கட்டும். நினைவிலிருப்பதைப் பிள்ளைகள் எழுதட்டும், அருகிலிருப்பவருக்குச் சொல்லட்டும், தவறட்டும். அதே வேளையில், போதிய ஆசிரியரையும் ஒரு வேளை உணவையும் எல்லாப் பாடசாலைகளுக்கும் கோரும் குரலை நாம் தளரவிடலாகாது. பசித்த பிள்ளையிடம் முறையை மட்டும் கொண்டுசெல்வது ஏமாற்று.

மரபிலிருந்து எதை ஏற்பது, எதை விடுப்பது என்பதே முற்போக்குத் திறனாய்வின் வினா. நன்னூல் சொன்ன பங்குக் கணக்கை ஏற்போம். அது போட்ட விலக்குப் பட்டியலைக் கிழிப்போம். நம் கையிலிருப்பது கால் பங்கே என்ற அடக்கம் ஆசிரியருக்கு வேண்டும். எஞ்சிய முக்கால் பங்கும் அந்தப் பிள்ளைகளுக்கு உரியது. அதை அவர்கள் எடுத்துக்கொள்ள இடம் விடுவது நம் கடன்.