கொச்சை நீக்கிய கதைகள்

பள்ளிக்கூடத்தில் சிறுகதை சொல்லித்தருகிற லட்சணம் நமக்குத் தெரிந்ததுதான். 'பாட்டி - வடை - காகம் - நரி' என்று கோடு போட்டுக் குறிப்பு தருவார்கள். பிள்ளைங்க அதை வாக்கியமாக்கி, தலைப்பு வைத்து, கடைசியில் நீதி எழுத வேண்டும். காகம் திருடுது, நரி ஏமாத்துது. வடை சுட்ட கிழவிக்கு அன்றைக்குப் போட்ட முதல் தேறியதா என்று ஒரு கேள்வி கிடையாது. பறிகொடுத்தவள் பக்கம் நின்று யோசிக்க விடாத இதுவா கதைப் பயிற்சி?

கூடவே 'கொச்சை நீக்கி எழுதுக' என்றொரு பயிற்சி. எது கொச்சை? ஆத்தாவும் அப்பனும் பேசுகிற பேச்சு. 'வூட்டுல' என்று எழுதினால் சிவப்பு மையில் சுழிக்கிறார்கள். சுழிபட்ட பிள்ளை தன் தெருவை எழுதுமா? பூங்காவையும் சுற்றுலாவையும்தான் எழுதும். இந்தக் 'கொச்சை'யில்தான் பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. 'கிசும்புக்காரன்' சிறுகதைகள் 1996இல் வந்தன. கல்லூரியில் இலக்கியமாவது பள்ளியில் மட்டும் பிழையாவது எப்படி?

எழுத்துத் தமிழ் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். பரீட்சைக்கும் மனுவுக்கும் அது வேணும். ஆனால் கதையில் ஆள் பேசும்போது அவர் பேச்சே வரட்டும். நீதியை விட்டுவிடுங்கள். ஒரு நாளில் நடந்த ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள்: வகுப்பைக் கூட்டிப் பெருக்க யாரைக் கூப்பிட்டார்கள், யாரைக் கூப்பிடவில்லை? பிள்ளை பார்த்தபடி எழுதட்டும். திருத்துவதற்கு முன்னால் வாத்தியார் அதை ஒருமுறை முழுசாக வாசிக்கட்டும்.