அணியை நகர்த்தலும் மதிப்பைக் கழித்தலும்: வாக்கிய முறைச் சந்திர கணிதம் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

சுழன்று வரும் மதிப்புகளைக் கணினி நிரலின் மடக்கில் கையாள இரு வழிகள் உண்டு. அணியின் உறுப்புகளை ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடம் நகர்த்துவது ஒன்று. அணியை அசைக்காமல் சுட்டெண்ணிலிருந்து சுழற்சியின் நீளத்தைக் கழிப்பது மற்றொன்று. 248 உறுப்புகள் கொண்ட அணியை ஒருமுறை நகர்த்த 248 இடமாற்றங்கள் வேண்டும். பின்னதற்கு ஒரு கழித்தல் போதும். தமிழகப் பஞ்சாங்கக் கணிதத்தின் வாக்கிய முறை இரண்டாம் வழியைச் சார்ந்தது.

புதுச்சேரியில் தாம் கண்ட தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரை ஜான் வாரன் ‘காலசங்கலிதம்’ (1825) நூலில் பதிவு செய்துள்ளார். சோழிகளை அடுக்கி, மனப்பாட எண்களால் கிரகணம் கணித்த அவர் கோட்பாடு அறியாதவர் என்பது வாரனின் கருத்து. ஆட்டோ நாய்கெபாவரின் 1952ஆம் ஆண்டுக் கட்டுரை இக்கணிதத்தின் தொன்மைத் தொடர்புகளை விளக்கியது. எனினும், ‘மனப்பாடம்’ என்னும் மதிப்பீடு முறைக்குள் உறையும் அறிவை மறைத்துவிடுகிறது.

கழித்தலின் வரிசை

கலிநாளிலிருந்து முதலில் 1600984 கழிக்கப்படும். எஞ்சியதிலிருந்து 12372, 3031, 248 ஆகியவை இதே வரிசையில் இயன்றவரை கழிக்கப்படும். இறுதி மீதி 248 சந்திர வாக்கியங்களுள் உரியதைச் சுட்டும். ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை கழிக்கப்பட்டது என்பதும் நினைவில் கொள்ளப்படும். 248 நாளில் சந்திரன், முழுச் சுற்றுகள் நீங்கலாக, ஏறத்தாழ 27 பாகை 44 கலை முன்னேறுவதால், அதற்குரிய துருவத்தை விடையில் கூட்ட வேண்டும்.

248ஐ மட்டுமே கழித்தால் என்ன? சந்திரன் தன் உச்சத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் உச்சத்தை அடையச் சராசரியாக 27.55455 நாள் ஆகும். ஒன்பது சுற்றுகளுக்கு 247.991 நாள். ஆகவே ஒரு கழித்தலுக்குச் சுமார் 13 நிமிடம் பிழை சேரும். 49 கழித்தல்களில் அது பத்தரை மணி நேரத்தைத் தாண்டும். ஆனால் 3031 நாளில் 110 சுற்றுகள் ஒரு நிமிட வேறுபாட்டுக்குள் அடங்குகின்றன. பேரெண்ணை முதலில் கழிப்பதால் 248ஐப் பன்னிரு முறைக்கு மேல் கழிக்க நேராது. வரிசையே பிழைக்கு வரம்பு கட்டுகிறது.

இடத் திருத்தமும் இவ்வாறே. ஏலமலைச் சரிவிலுள்ள குரங்கணி, உஜ்ஜயினி நெடுவரைக்குக் கிழக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் உள்ளது. கால வேறுபாடு சுமார் 6 நிமிடம். அதற்காக 248 வாக்கியங்களையும் மாற்றி எழுத வேண்டியதில்லை. சந்திரனின் இருப்பிலிருந்து ஏறத்தாழ 3 கலையைக் கழித்தால் நெடுவரைத் திருத்தம் நிறைவுறும்.

முடிவுரை

கணிதர் காரணம் அறிந்திருந்தாரா என்பது தனிமனிதரைப் பற்றிய வினா. முறை எதை அறிந்து அமைக்கப்பட்டது என்பது வேறு வினா. வாரனின் கூற்று முன்னதற்கு விடையாகலாம், பின்னதற்கு ஆகாது. பஞ்சாங்கச் சுவடிகளைப் பதிப்பிப்போர் எண்களோடு அவற்றைக் கையாளும் வரிசையையும் பதிவு செய்தல் வேண்டும். வரிசை விடுபடின், எஞ்சுவது எண்பட்டியல் மட்டுமே.