ஒரே சர்வேசுரனும் மூன்று ஆட்களும்

வில்லியனூர் என்றதும் திருக்காமீசுவரர் ஆலயத்தை நினைப்பவரும் உளர், லூர்து மாதா திருத்தலத்தை நினைப்பவரும் உளர். இரண்டிற்கும் அண்மையிலுள்ள ஒதியம்பட்டு போன்ற ஊர்களில் பல சமயத்தவரும் அடுத்தடுத்து வாழ்ந்து, ஒருவர் திருவிழாவை மற்றவர் கண்டு மகிழ்ந்து வருகிறபடியால், கிறிஸ்தவரை நோக்கி அயலார் அன்போடு கேட்கக்கூடிய வினா ஒன்று உண்டு: பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று நீங்கள் சொல்லும் மூவரும் எங்கள் மும்மூர்த்திகளைப் போன்றவர்கள்தாமே? நட்பின் பொருட்டு ஆம் என்று தலையசைப்பது எளிது. இல்லையென்று சொல்லி வாயை மூடிக்கொள்வது அதனினும் எளிது. இரண்டுமே கேட்டவருக்குச் செய்யும் மரியாதையாகா.

மும்மூர்த்தி என்னும் எண்ணத்தில் படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் தொழில்கள் மூவரிடத்தே பகுக்கப்படுகின்றன. பதியாகிய சிவத்தை அம்மூவருக்கும் அப்பால் நிறுத்திச் சைவ சித்தாந்தம் பேசுவதும் அதனால்தான். கிறிஸ்தவ விசுவாசமோ உலகத்தை நோக்கிய செயல்கள் யாவும் மூவருக்கும் பொதுவானவை என்கிறது. பிதா படைத்தார், சுதன் மீட்டார், ஆவியானவர் புனிதப்படுத்துகிறார் என்று நாம் சொல்லுவது ஒவ்வொரு செயலையும் ஒருவருக்குச் சிறப்பாக உரித்தாக்கிச் சொல்லும் வழக்கேயன்றித் தொழிற்பிரிவினை அன்று. மூவருக்குமுள்ள வேற்றுமை அவர்களுக்கிடையிலுள்ள உறவினால் மாத்திரம் உண்டாவது: ஒருவர் பிறப்பிக்கிறார், ஒருவர் அநாதியாய்ப் பிறக்கிறார், ஒருவர் புறப்பட்டு வருகிறார். ஆகவே, உலகம் என்று ஒன்று இல்லாத காலத்தும், நேசிக்கப்படுவதற்குச் சிருஷ்டி ஒன்றேனும் இல்லாத நிலையிலும், கடவுள் தமக்குள்ளேயே அன்பாக இருந்தார் என்பதே இந்தப் பரம இரகசியத்தின் பொருள். தனிமையைப் போக்கிக்கொள்ள அவர் நம்மைப் படைக்கவில்லை, நிறைவிலிருந்து படைத்தார். ஒருமை குலையக்கூடாது, மூவரும் ஒருவராய் மயங்கிவிடக்கூடாது, அவர்களது அன்பு உலகத்தைச் சார்ந்து நிற்கக்கூடாது என்னும் இந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டே பிற்காலத்துப் போதனைகளையெல்லாம் நோக்க வேண்டும்.

அளவை வகுத்த வரலாறு பலரும் அறிந்ததாகையால் விரைந்து சொல்லிவிடலாம். சுதன் படைக்கப்பட்டவரே என்று அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் போதித்தபோது, 325-இல் நிசேயாவில் கூடிய சங்கம் அவர் பிதாவோடு ஒரே பொருளானவர் என்று தீர்மானித்தது. பரிசுத்த ஆவியைப் பற்றிய அறிக்கை 381-இல் கான்ஸ்தாந்திநோப்பிளில் விரிவு பெற்றது. கப்பதோக்கியா நாட்டுப் பேராசிரியர்களாகிய பசிலியாரும் இரண்டு கிரகோரியார்களும் மூவரிலிருந்து தொடங்கி ஒருமையை நோக்கிச் சென்றார்கள். அகுஸ்தீனாரோ ஒருமையிலிருந்து புறப்பட்டு, மனித ஆன்மாவின் நினைவு, அறிவு, சித்தம் ஆகியவற்றில் மூவரின் சாயலைத் தேடிப் பதினைந்து பாகங்கள் கொண்ட பெருநூலை இயற்றினார். இவற்றுக்கெல்லாம் வேலி போட்டதுபோல், 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், சிருஷ்டிகருக்கும் சிருஷ்டிக்கும் இடையே எத்தகைய ஒப்புமை கூறினாலும் அதனினும் பெரிதான ஒவ்வாமை அதில் இருக்கவே செய்யும் என்று எச்சரித்தது. உவமை தேடி அலையும் பிரசங்கிகள் அனைவரும் மனனம் செய்யவேண்டிய எச்சரிக்கை அது.

தமிழில் இப்போதனையின் முதல் மரபு ஞானோபதேச மரபு. அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்' தொடங்கி, 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதக சுவாமிகளின் உரைநடை நூல்கள் வழியாகவும், 1776 முதல் புதுச்சேரி மிசியோனை நடத்திய பாரிஸ் வேதபோதக சபையாரின் காலத்திலும், அது வினாவிடையாக வளர்ந்து வந்தது. சின்னக் குறிப்பிடம் என்னும் ஞானோபதேச வினாவிடையை நெட்டுருச் செய்த தலைமுறையினர், சர்வேசுரன் எத்தனை பேர் என்றால் ஒருவரே என்றும், அவர் எத்தனை ஆட்களாய் இருக்கிறார் என்றால் மூன்று ஆட்கள் என்றும், உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தவறாமல் சொல்லுவார்கள். நெட்டுருவை இகழ்வார் பலர். நான் இகழேன், எழுத்தறியாத பாட்டிமார்களின் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை அடையாளமாய் இவ்விசுவாசத்தை நிலைநிறுத்தியது அதைக் கற்பித்த உபதேசியார்களின் பொறுமையே. ஆயினும், எண்ணிக்கையைக் கற்பித்த அளவுக்கு அன்பை அது கற்பிக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது.

அக்குறையை உணர்ந்தவர்கள் சீர்திருத்த சபைகளில் தோன்றிய தமிழ் இறையியலார். பாளையங்கோட்டைக்காரரும் பிற்காலத்தில் கோயம்புத்தூர்ப் பேராயராக விளங்கியவருமான ஏ. ஜே. அப்பாசாமி, பக்தி மார்க்கமாகக் கிறிஸ்தவத்தை விளக்கப் புகுந்து, அத்வைதத்தை விலக்கி இராமாநுஜரின் பக்கம் சாய்ந்தார். பிதாவும் சுதனும் ஒன்றாயிருப்பது அன்பினாலும் சித்தத்தினாலும் என்று வற்புறுத்தினார். உள்ளத்தைத் தொடும் விளக்கம்தான். ஆனால் சித்தத்தின் ஒற்றுமை மாத்திரமே என்றால் நிசேயா காத்த ஒரே பொருள் என்னும் உண்மை தளர்ந்துவிடும். வழக்கறிஞரும் தொழிற்சங்கத் தலைவரும் சென்னை மேயருமாயிருந்த வி. சக்கரை செட்டியார், உயிர்த்தெழுந்த கிறிஸ்துவே நம்முள் வந்து தங்கும்போது பரிசுத்த ஆவியாகிறார் என்னும் அளவுக்குச் சென்றார். அனுபவத்தின் சூடு அதில் உண்டு. எனினும் இரண்டாம் ஆளும் மூன்றாம் ஆளும் அங்கே ஒன்றாய்க் கலந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றினும் ஆழமானதும், ஆதலால் ஆபத்து மிக்கதும், சச்சிதானந்த மரபு. வங்கத்தில் கேசவ சந்திர சேனர் 1882-இல் ஆற்றிய சொற்பொழிவொன்றில் திரித்துவத்தைச் சத்து, சித்து, ஆனந்தம் என்று விளக்கினார். கத்தோலிக்கரான பிரம்மபாந்தவ உபாத்தியாயர் 1898-இல் அதையே சமஸ்கிருதத் துதியாகப் பாடினார். அந்தச் சிந்தனை தவமாக வேரூன்றியது நமது காவிரிக் கரையில். பிரெஞ்சு குருவாகிய ழூல் மோன்ஷானேன் 1939-இல் இந்தியா வந்து, திருச்சி மறைமாவட்டத்துக் கிராமங்களில் ஊழியம் செய்தார். பிரான்சின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவியாகிய ஆன்றி லெ சோ 1948-இல் வந்து சேர்ந்தார். இருவருமாக 1950-இல் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் நிறுவிய சாந்திவனத்திற்குச் சச்சிதானந்த ஆசிரமம் என்றே பெயர். திரித்துவத்துக்கு அர்ப்பணமான தபோவனம் அது. மோன்ஷானேன் தமக்குப் பரம அரூபி ஆனந்தம் என்று பெயரிட்டுக்கொண்டார். உருவமற்ற பரிசுத்த ஆவியைத் தியானித்துச் சூடிக்கொண்ட பெயர் அது.

இருவரும் திருவண்ணாமலைக்குச் சென்றார்கள், இரமண மகரிஷியைத் தரிசித்தார்கள். பிறகுதான் அவர்கள் நெறிகள் பிரிந்தன. அபிஷிக்தானந்தராகிய லெ சோ அருணாசலத்தின் குகைகளில் அமர்ந்து, இரண்டற்ற அனுபவத்திற்குள் மேலும் மேலும் இறங்கினார். மோன்ஷானேனோ அத்வைதத்தின் சிகரத்தையும் திரித்துவத்தின் சிகரத்தையும் இணைக்கும் பாலம் உண்டா என்ற ஐயத்தோடேயே 1957-இல் பாரிசில் உயிர் நீத்தார். சத்து, சித்து, ஆனந்தம் என்பன ஒரே பரம்பொருளின் சொரூபத்தைச் சுட்டுவன. அவற்றுள் ஒன்று மற்றொன்றை நோக்கி 'நீர்' என்று அழைப்பதில்லை. திரித்துவத்திலோ சுதன் பிதாவை அழைக்கிறார், பிதா சுதனுக்கு மறுமொழி அருளுகிறார். இந்த 'நீர்' மறைந்துபோகும் தியானம் எவ்வளவு உயர்ந்ததாயினும் கிறிஸ்தவத் தியானமாகாது என்று கண்ட மோன்ஷானேனின் தயக்கத்தையே, சீடருலகம் கொண்டாடும் லெ சோவின் துணிவைக் காட்டிலும், நான் பெரிதாக மதிக்கிறேன். ஆயினும் பிதாவுக்கும் சுதனுக்கும் இடையிலான அவ்வுரையாடலின் மௌனத்தை நம்மவருக்குக் கற்பித்தவர் லெ சோ என்பதையும் நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

1968-இல் ஆசிரமத்தை ஏற்ற பீட் கிரிபித்ஸ் அடிகளார் காலத்தில் அங்குள்ள ஆலயம் தமிழ்க் கோயிற் பாணியில் அழகு பெற்றது. அதன் கோபுரத்தில் மூன்று முகமுள்ள திருவுருவம் திரித்துவத்தின் குறியாக அமைந்திருக்கிறது. ஐரோப்பாவிலும் இவ்வாறு மூன்று முகம் எழுதும் வழக்கம் இருந்து, பாப்பரசர் எட்டாம் உர்பன் 1628-இல் அதைத் தடுத்தார் என்பதை நினைக்கும்போது, இவ்வுருவத்தைக் காணும் யாத்திரிகருக்கு விளக்கம் சொல்ல அருகில் ஒருவர் இருக்கவேண்டும் என்றே தோன்றுகிறது.

இவையெல்லாம் கற்றோர்க்கு உரியவை. ஊரில் இந்த அளவுகோல் வேறிடத்தில், ஞானஸ்நானத்தில், வெளிப்படுகிறது. கத்தோலிக்கராயினும், லுத்தரன் சபையாராயினும், 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையாராயினும், தண்ணீரால் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானம் மறுபடியும் கொடுக்கப்படுவதில்லை. இயேசுவின் பெயரால் மாத்திரம் முழுக்குக் கொடுத்துத் திரித்துவத்தை மறுக்கும் கூட்டத்தாரின் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை. சபை மாறிய குடும்பத்தில் கல்யாணம் நிச்சயமாகி, கோவிலில் திருமண அறிவிப்பாகிய ஓலையை வாசிக்கும் முன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கையில் வாங்கும் பங்குக் குரு, எந்தச் சபை என்பதோடு, எந்தப் பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதையும் விசாரிக்கிறார்.