32 கோல்களுக்கு யார் பொறுப்பு?

2018 ஒக்ரோபர் 18. சென்னை ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் ஆட்டம் தொடங்கி 32 நிமிடங்களில் சென்னையின் எஃப்.சி. 3-1 என முன்னிலை பெற்றது. அடுத்த ஏழு நிமிடங்களில் 3-3. நோர்த் ஈஸ்ட் யுனைரெட் அணியின் நைஜீரிய முன்கள வீரர் பார்த்தலோமியூ ஒக்பெச்சே 29ஆம் நிமிடத்தில் முதலாவது கோலை அடித்தார். 39ஆம் நிமிடத்தில் அவருடைய மூன்றாவது கோலும் விழுந்துவிட்டது. இடைவேளைக்குப் பிறகு றௌலின் போர்ஜஸ் இன்னொன்றைப் போட, நடப்புச் சம்பியன் சொந்த மைதானத்தில் 3-4 என்று தோற்றது.

இந்தியன் சுப்பர் லீக்கை அந்த அணி வென்று அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. 2017-18 பருவத்தின் லீக் ஆட்டங்கள் 18இல் அது வாங்கியவை 19 கோல்கள் மட்டுமே. அடுத்த பருவத்தில் அதே 18 ஆட்டங்களில் 32. புள்ளிகள் 32இலிருந்து 9க்குச் சரிந்தன. இரண்டாம் இடத்தில் நின்ற அணி பத்து அணிகளில் பத்தாவதாக முடிந்தது. பின்களம் ஓட்டையாகிவிட்டது என்றுதான் அன்று எல்லோரும் பேசினார்கள். பார்ப்பதற்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சு பிழையான ஆட்களைக் கூண்டில் நிறுத்தியது.

முதலில் சம்பியன் அணியின் பின்களம் எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பதைப் பார்க்கவேண்டும். ஆங்கிலேயப் பயிற்றுநர் ஜோன் கிறெகரி இரண்டு வெளிநாட்டவரை நடுவில் நிறுத்தினார். ஒருவர் போர்த்துக்கல்லைச் சேர்ந்த ஹென்றிக் செரேனோ, அணித்தலைவர். மற்றவர் பிறேசிலின் மெயில்சன் அல்வெஸ். வலது பக்கத்தில் பிறைற்றன் கழகத்தில் நெடுங்காலம் ஆடிய ஸ்பானியர் இனிகோ கால்டெரோன். இடது பக்கத்தில் இருபது வயதும் நிரம்பாத மிசோ இளைஞர் ஜெரி லால்ரின்சுவாலா. கோல் வாயிலில் கரன்ஜித் சிங். இந்த ஐவருக்கும் முன்னால், நடுக்களத்தின் அடியில், வடசென்னை வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ்.

வெளிநாட்டு மத்திய பின்கள வீரர் இருவரை வைத்து அணியைக் கட்டுவது அந்த லீக்கில் பெருவழக்கு. 2014இல் லீக் தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆட முடிந்தது. 2017-18இல் அது ஐந்தாகவும் 2021-22இல் நான்காகவும் குறைந்தது. இருக்கும் இடங்களில் இரண்டைப் பின்களத்தின் நடுவில் செலவிடப் பெரும்பாலான பயிற்றுநர்கள் தயங்கவில்லை. அதற்கு நியாயமும் உண்டு. பருவம் குறுகியது, அணிகள் ஒவ்வோர் ஆண்டும் பாதி புதிதாக அமைகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் பல நாடுகளின் லீக்குகளைக் கண்ட ஒருவர் பின்னால் நின்று வரிசையை முன்னே இழுக்கவும் பின்னே தள்ளவும் குரல் கொடுத்தால், மாதக்கணக்கான பயிற்சி மிச்சமாகும். உயரமும் இரட்டைப் பயன் தரும். தன் எல்லைக்குள் வரும் பந்தைத் தலையால் வெளியேற்றுகிறவரே எதிரணியின் எல்லைக்குள் போய் கோலும் போடுவார்.

2018 மார்ச் 17இல் பெங்களூருவில் நடந்த இறுதியாட்டம் இந்த வழக்கத்தின் உச்சம். 9ஆம் நிமிடத்தில் சுனில் சேத்திரி பெங்களூரு அணிக்கு முன்னிலை கொடுத்தார். மெயில்சன் இரண்டு மூலை உதைகளைத் தலையால் முட்டி, இடைவேளைக்கு முன்னரே நிலைமையை 2-1 எனப் புரட்டினார். பின்னர் ரஃபாயல் ஒகஸ்ரோ மூன்றாவதை அடிக்க, ஆட்டம் 3-2 என முடிந்தது. இறுதியாட்டம் ஒன்றில் மத்திய பின்கள வீரர் இரண்டு கோல் அடித்துக் கிண்ணத்தை வாங்கித் தருவது எந்த நாட்டிலும் அடிக்கடி நடப்பதில்லை. அரையிறுதியில் நடந்தது இன்னும் முக்கியமானது. அந்தப் பருவத்தின் லீக் ஆட்டங்களில் 42 கோல் அடித்திருந்த எஃப்.சி. கோவா, இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்துச் சென்னைக்கு எதிராக ஒரே ஒரு கோல்தான் போட்டது. அந்த இரண்டாவது ஆட்டத்தில் சென்னையின் மூன்று கோல்களில் ஒன்று தனபால் கணேஷுடையது.

ஆகவே 2018 கோடையில் அந்த அணி இழந்தவர்களின் பட்டியலைக் கவனமாக வாசிக்க வேண்டும். செரேனோ போனார். கணேஷ் முழங்கால் காயத்தால் 2018-19 பருவம் முழுவதையும் இழந்தார். மெயில்சன் இருந்தார், கால்டெரோன் இருந்தார், ஜெரி இருந்தார். செரேனோவின் இடத்துக்குப் பிறேசிலின் எலி சபியா வந்தார். காகிதத்தில் பார்த்தால் பின்வரிசையில் ஒரேயொரு மாற்றம். ஒரு ஆளை மாற்றினால் 13 கோல் கூடுமா?

சபியா பலவீனமானவர் என்று சொல்லித் தப்பவும் முடியாது. அடுத்த பருவத்திலேயே ருமேனியரான லூசியன் கோயனுடன் இணைந்து அதே சபியா ஆடிய சென்னை அணி இறுதியாட்டம்வரை போனது. 2020 மார்ச்சில் கோவாவின் வெற்று அரங்கில் ஏ.ரி.கே. அணியிடம் 1-3 எனத் தோற்றது. 2020-21இலும் அவர் இருந்தார். அந்தப் பருவத்தில் 20 ஆட்டங்களில் அணி வாங்கியவை 23 கோல்கள். இரண்டு ஆண்டுகள் நன்றாக ஆடிய ஒருவர் 2018-19இல் மட்டும் ஆடத் தெரியாதவராக இருந்திருக்க மாட்டார்.

கணேஷின் வேலையை நினைத்தால் விடை கிட்ட வரும். எதிரணியின் நடுக்களம் பந்தைத் திருப்பி முன்னே பார்க்கிற அந்தக் கணத்தில் குறுக்கே நிற்பது அவருடைய வேலை. அவர் நின்றால் எதிரணி பந்தைப் பக்கமாகக் கொண்டுபோகும். பக்கத்திலிருந்து உயரே வரும் பந்து செரேனோவுக்கும் மெயில்சனுக்கும் பிடித்தமானது, முட்டி வெளியேற்றிவிடுவார்கள். கணேஷ் இல்லாத பருவத்தில் எதிரணிகள் நடுவழியாக, தரையோடு, முகம் நிமிர்ந்து வரத் தொடங்கின. அப்போது மத்திய பின்கள வீரர் முன்னே ஏறித் தடுப்பதா, பின்னே நகர்ந்து ஓட்டத்தை மறிப்பதா என்று அரைக் கணத்தில் முடிவெடுக்க வேண்டும். பழகிய சோடி ஒரே முடிவை எடுக்கும். பழகாத சோடியில் ஒருவர் ஏற, மற்றவர் இறங்குவார். கரைவலை இழுக்கிறபோது ஒரு பக்கத்தார் முந்திவிட்டால் மீன் எந்தப் பக்கத்தால் போகும் என்பதை யாழ்ப்பாணத்தின் பாசையூரிலும் குருநகரிலும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வலப்பக்கத்தில் கால்டெரோனுக்கு வயது 36 ஆகியிருந்தது. முன்னால் பாதுகாப்பு இருந்தபோது அவருடைய அனுபவம் கால் வேகத்தின் குறையை மறைத்தது. பாதுகாப்பு நீங்கியதும் குறை மட்டுமே தெரிந்தது. கோல் வாயிலிலும் கரன்ஜித்தும் சஞ்சிபன் கோஷும் மாறி மாறி நின்றார்கள்.

இன்னொரு காரணம் பின்களத்துக்கு மிகத் தொலைவில், எதிர்ப்பக்கக் கோல் வாயிலில் இருந்தது. சம்பியன் பருவத்திலேயே சென்னை லீக்கில் அடித்தவை 24 கோல்கள்தான். 24 அடித்து 19 வாங்கி ஒன்பது வெற்றி பெற்ற அணி, ஒற்றைக் கோல் வித்தியாசத்தில் வாழ்கிற அணி. அதற்குக் கையிருப்பு எதுவும் கிடையாது. 2018-19இல் அடித்த கோல்கள் 16ஆகக் குறைந்தன. முந்திய ஆண்டு அணியின் அதிக கோல்களை அடித்த ஜேஜே லால்பெக்லுவா அந்த லீக் பருவம் முழுவதிலும் ஒரேயொரு கோல் போட்டார். கோல் வராத அணி ஆட்டத்தின் பிற்பகுதியில் ஆட்களை முன்னே தள்ளும். பின்னால் வெளி கூடும். வாங்கிய 32 கோல்களில் ஒரு பங்கை முன்களத்தின் கணக்கிலும் எழுதத்தான் வேண்டும்.

கணக்கை இன்னும் சற்றுக் கிண்டினால் இது தெளிவாகும். அந்தப் பருவத்தின் இரண்டு வெற்றிகள், நவம்பரில் பூனே சிற்றியை 4-2 என்றும் பெப்ரவரியில் பெங்களூருவை 2-1 என்றும் வென்றவை. மூன்று ஆட்டங்கள் சமநிலை. மீதி 13 தோல்விகளில் அணி பின்தங்கிய கோல்கள் மொத்தம் 19. சராசரி ஒன்றரைகூட இல்லை. கொச்சியில் கேரளா பிளாஸ்ரர்ஸிடம் 0-3 எனத் தோற்றது போன்ற நாட்கள் இருந்தாலும், அடித்து நொறுக்கப்பட்ட அணியின் கணக்கு இதுவல்ல. முந்திய ஆண்டு எந்த நூலிழையில் வென்றார்களோ அதே நூலிழையில் தோற்றிருக்கிறார்கள்.

லீக் முடிந்ததும் நடந்ததைப் பாருங்கள். 2019 மார்ச் 6இல் அந்த அணி கொழும்புக்கு வந்தது. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்புக் கிண்ணத் தகுதிச் சுற்றில் நம் நாட்டின் கொழும்பு எஃப்.சி. அணியுடன் 0-0. ஒரு வாரம் கழித்து அஹமதாபாத்தில் ஜேஜேயின் கோலால் 1-0. கொழும்பு அணியை கோவாவோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் இரண்டு ஆட்டங்களில் ஒரு கோலும் வாங்கவில்லை. ஏப்ரலில் சுப்பர் கிண்ண இறுதியாட்டம்வரை சென்று கோவாவிடம் 1-2 எனத் தோற்றார்கள். கணேஷ் அப்போதும் இல்லை. ஆனால் மெயில்சனும் சபியாவும் அதற்குள் ஒரு பருவம் சேர்ந்து ஆடியிருந்தார்கள். லீக்கின் கடைசி அணி இரண்டு மாதத்தில் ஒரு தேசியத் தொடரின் இறுதியில் நிற்கிறது.

நடுக்களத்தின் காவல் போனால் பின்களம் சரியும் என்பதற்கு இங்கிலாந்தில் இதைவிடப் பெரிய சான்று உண்டு. லெஸ்ரர் சிற்றி 2015-16இல் பிரீமியர் லீக்கை வென்றபோது 38 ஆட்டங்களில் 36 கோல்களே வாங்கியது. மறு பருவம் 63. மோர்கன், ஹூத், சிம்சன், ஃபூக்ஸ் என்ற பின்வரிசை நால்வரில் ஒருவரும் போகவில்லை. போனவர் நடுக்களத்தின் என்கோலோ கான்ரே. செல்சிக்குப் போன அவர் அந்த ஆண்டே அங்கும் சம்பியனானார். லெஸ்ரரின் பயிற்றுநர் ரனியேரி பெப்ரவரியில் நீக்கப்பட்டார்.

இனி வெளிநாட்டுச் சோடி என்ற வழக்கத்துக்கே வருவோம். அது தரும் பலன் உடனடியானது. பிரச்சினை அதன் ஆயுள். ஓரிரு ஆண்டு ஒப்பந்தத்தில் வருகிறவர் போகும்போது வரிசையை நடத்தும் குரலையும் கொண்டுபோகிறார். பக்கத்தில் நின்று அதைக் கற்றிருக்க வேண்டிய உள்ளூர் மத்திய பின்கள வீரர் அங்கே இல்லை, ஏனென்றால் அந்த இடம் அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. சென்னையில் இந்திய இளைஞர் ஜெரிக்குப் பக்கவாட்டு இடம் கிடைத்தது, அவர் வளர்ந்தார். நடுவில் அப்படி ஒருவரை வளர்த்திருந்தால், செரேனோ போன இடத்தில் அணியின் பழக்கம் தெரிந்த ஒருவர் நின்றிருப்பார். சந்தேஷ் ஜிங்கன் போன்ற ஓரிருவரை விட்டால் அந்த ஆண்டுகளில் இந்தியத் தேசிய அணி மத்திய பின்கள வீரருக்கு அலைந்ததும் இதன் தொடர்ச்சியே. களத்தில் வெளிநாட்டவர் எண்ணிக்கையை நான்காகக் குறைத்தது சரியான முடிவு. தொடக்க ஆண்டுகளில் கோல்கள் மலிந்தாலும் பரவாயில்லை.

நம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெளிநாட்டுச் சோடி என்ற பேச்சுக்கு இடமில்லை. நாவாந்துறை சென். மேரிஸ், சென். நீக்கிலஸ், பாசையூர் சென். அன்ரனீஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங்ஹென்றிஸ், ஊரெழு றோயல் எல்லாம் ஊர்ப் பிள்ளைகளால் நிற்கும் கழகங்கள். சிறு வயதிலிருந்து ஒன்றாக ஆடுகிறவர்கள். ஒருவர் ஏறினால் மற்றவர் எங்கே நிற்பார் என்பது கேளாமலே தெரியும். சென்னை பணம் கொடுத்தும் ஓராண்டில் பெறமுடியாத சொத்து இது.

ஆனால் நம்முடைய சுற்றுப்போட்டிகள் அந்தச் சொத்தைப் பாதியில் விட்டுவிடுகின்றன. ஏழு பேர், ஒன்பது பேர் கொண்ட ஆட்டங்கள் இங்கே நிறைய. குறுகிய நேரம், ஒருமுறை தோற்றால் வெளியேறும் முறை. சமநிலையென்றால் சமநிலை தவிர்ப்பு உதை. இவற்றால் ஊர் கூடுகிறது, இளைஞர் மைதானத்துக்கு வருகிறார்கள், பந்தைக் கட்டுப்படுத்தும் கால்கள் உருவாகின்றன. ஒருவரை ஒருவர் மறிப்பதில் நம் பின்கள வீரர்கள் துணிச்சல்காரர்கள். ஆனால் ஏழு பேர் ஆட்டத்தில் கணேஷ் நின்ற இடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. பின்னாலிருந்து முன்னாலுக்கு இரண்டு உதை போதும். நான்கு பேர் ஒரே கோட்டில் நகர்வதும், அவர்களுக்கு முன்னால் ஒருவர் வழியை அடைப்பதும் பதினொருவர் ஆட்டத்தை வாரம் தவறாமல் பல மாதம் ஆடினால்தான் வரும். சிறு ஆட்டங்களை நிறுத்தச் சொல்லவில்லை. அவை நம் கோடைகாலத்தின் உயிர். பதினொருவர் லீக்கின் நாட்களை அவை தின்னாமல் இருக்கவேண்டும் என்பதுதான் கேட்பது.

பரிசளிப்பு மேடைகளிலும் ஒன்றைக் கவனிக்கலாம். சிறந்த கோல் காப்பாளர், ஆட்ட நாயகன், தொடர் நாயகன் என்று கிண்ணங்கள் போகின்றன. நாயகன் பெரும்பாலும் கோல் அடித்தவர். எதிரணியின் தாக்குதல் தொடங்கும் முன்பே வழியை அடைத்து, யாரும் பார்க்காத வேலையைத் தொண்ணூறு நிமிடமும் செய்தவருக்கு ஒரு கிண்ணம் ஒதுக்க ஏற்பாட்டாளர்களுக்குப் பெரிய செலவு வராது. துரையப்பா விளையாட்டரங்கின் அடுத்த இறுதியாட்டத்திலேயே அதைத் தொடங்கலாம். தேர்வாளர்கள் அந்த ஒருவரை முழு ஆட்டமும் பின்தொடர்ந்து பார்க்கவேண்டியிருக்கும் என்பதுதான் அதன் ஒரே சிரமம்.